வாத்துக்குக் கீழே ஒரு பெயர்

மாதவரத்தில் எங்கள் வீட்டு எவர்சில்வர் குடத்தில் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும். தினமும் அதைத் துலக்கியவள் அம்மா. பெல்ஜியத் துப்பாக்கிகளைப் பற்றிப் படித்தபோது அந்தக் குடம்தான் நினைவுக்கு வந்தது.

லியேஜ் நகருக்கு அருகே எர்ஸ்தாலில் எஃப்.என். தொழிற்சாலை. பிரௌனிங் வேட்டைத் துப்பாக்கியின் எஃகில் வாடிக்கையாளர் விருப்பப்படி காட்டு வாத்து, ஃபெசன்ட் கோழி, வேட்டை நாய் என்று சிற்றுளியால் செதுக்குவார்கள். ஓர் இறகுக்கே எத்தனை கீறல்! அழகுதான், மறுக்கவில்லை. 1926இல் ஃபெலிக்ஸ் ஃபுங்கன் பொறுப்பேற்ற செதுக்குக்கூடம் அது. செதுக்கியவர் ஓரத்தில் தன் பெயரையும் பொறிப்பதுண்டு. சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

அதே ஆலையில், எண்ணெயில் ஊறிய உடையோடு இயந்திரங்களின் முன் நின்றவர்களுக்கு ‘இயந்திரப் பெண்கள்’ என்று பெயர். துப்பாக்கி உதிரிகளும் தோட்டாக்களும் அவர்கள் கையால் ஆனவை. ஆனால் இயந்திரத்தைச் சரிசெய்யும் வேலை ஆண்களுக்கே. கூலிப் பட்டியலும் தனி. சமவேலைக்குச் சமகூலி என்று 1957 ரோம் ஒப்பந்தத்திலேயே எழுதியாகிவிட்டது. ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1966 பிப்ரவரி 16 அன்று ஏறத்தாழ 3,000 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். உதிரிகள் வராததால் ஆண்களின் பிரிவுகளும் முடங்கின. அடுப்பையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டே 12 வாரம் தாக்குப்பிடித்தார்கள். மணிக்கு 5 பிராங்க் உயர்வு கேட்டார்கள், 2.75 கிடைத்தது. மே மாதம் வேலைக்குத் திரும்பினார்கள்.