இடையன்குடி கால்டுவெல் வீடு: போய்ப் பார்க்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

முத்துக்குளித்துறைப் பக்கம் ட்ரிப் போனால் தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரினு முடிச்சிடுறோம். அடுத்த முறை திசையன்விளை பக்கம் திரும்பி, பனங்காட்டுக்கு நடுவில் இருக்கும் இடையன்குடிக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. அங்கே ஒரு 19-ம் நூற்றாண்டு ஓட்டு வீடு இருக்கு.

யாருடைய வீடு?

1814-ல் அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் கால்டுவெல், மத போதகராக 1838-ல் சென்னைக்கு வந்தார். 1841-ல் இடையன்குடி. அதன்பிறகு சுமார் 40 ஆண்டுகள் இதுதான் அவர் ஊர். 1844-ல் அவரை மணந்த எலிசா, நாகர்கோவிலில் வளர்ந்தவர். சரளமாகத் தமிழ் பேசுவார். ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார்.

ஏன் முக்கியம்?

கால்டுவெல்லின் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' வெளியான ஆண்டு 1856. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் சமஸ்கிருதத்தில் இருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று விரிவான ஆதாரங்களோடு நிறுவிய நூல். இதே கருத்தை எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1816-லேயே சொல்லியிருந்தார் என்பதையும் சேர்த்துத் தெரிஞ்சுக்கோங்க. பழைய முத்துத் துறைமுகமான கொற்கையில் மண்ணைத் தோண்டி ஆய்வு செய்தவரும் கால்டுவெல்தான்.

ஒரு கசப்பும் உண்டு

1849-ல் அவர் வெளியிட்ட சிறுநூல் ஒன்று, தன்னைச் சுற்றி வாழ்ந்த நாடார் சமூகத்தையே தாழ்த்திப் பேசியது. அந்தச் சமூகத்தில் இருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது. தமிழுக்குத் தனி இடம் தேடித் தந்தவர், அதே தமிழைப் பேசிய அக்கம்பக்கத்து மக்களைக் காயப்படுத்தவும் செய்தார். இந்த வீட்டைப் பார்க்கும்போது இரண்டையும் மறக்கக் கூடாது.

பிறகு?

1883-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அவர் பெயரில் இன்றும் அங்கே பள்ளி இருக்கிறது. 1891-ல் கொடைக்கானலில் மறைந்தவரின் உடல், இடையன்குடிக்கே திரும்பியது. 1847-ல் தொடங்கி 1880 வரை அவர் கட்டிய தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். வீட்டைத் தமிழக அரசு புதுப்பித்து, 2011-ல் நினைவில்லமாக்கியது.

தலையைத் தூக்கிப் பாருங்க!

இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் கூரையைத் தாங்குவது பெரும்பாலும் பனங்கைகள். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையைப் பிளந்து செய்பவை. பல வீடுகளில் ஓடும் பனங்கையும் போய் கான்கிரீட் வந்துவிட்டது. உங்க தாத்தா வீடு இன்னும் அப்படியே நிற்குதா? இடிக்கிறதுக்கு முன்னாடி நாலு போட்டோவாவது எடுத்து வைங்க. அதில் யார் யார் வாழ்ந்தாங்கனு பாட்டிகிட்ட கேட்டு எழுதியும் வைங்க!