எச்சரிக்கும் கருவியும் விமானியும்

1932-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தவர் நெவில் வின்சென்ட் என்னும் விமானி. 'புஸ் மாத்' என்ற அச்சிறு விமானத்துக்கு ஒரே எஞ்சின். எஞ்சினின் ஓசை மாறினால் அதுவே எச்சரிக்கை. கண்ணுக்குப் புலனாகும் நிலமே வழிகாட்டி.

இன்றைய பயணி விமானத்திலோ இருளிலும் மேகத்திலும் விமானி கருவிகளை நம்பியே பறக்கிறார். கோளாறு நேர்ந்தால் அதை அறிவிக்க மணிகளும் விளக்குகளும் உண்டு. ஆனால், அறிவித்தால் மட்டும் போதுமா? அறிவித்தது இன்னதென்று விமானிக்கு உடனே விளங்க வேண்டாமா? இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதை மாணவ நண்பர்கள் அறிந்துகொள்வது நலம் என எண்ணுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பின் வயிறு தரையில் படச் சரிந்தன. இறக்கை மடிப்புகளை உள்ளிழுக்க எண்ணிய விமானிகள் சக்கரங்களை இழுத்துக்கொண்டதே காரணம். 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டிருக்கலாம். அல்போன்ஸ் சாபானிஸ் என்ற உளநூல் அறிஞர் விமானி அறைக்குள் சென்று பார்த்தார். இரு விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன! ஒன்றின் முனையில் சிறு சக்கரத்தையும், மற்றதன் முனையில் இறக்கை மடிப்பு போன்ற ஆப்பையும் பொருத்தச் செய்தார். கை தொட்டதுமே வேற்றுமை தெரிந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நிலவில்லாத இரவில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கியவர்களுக்கு ஒன்று தெரியும். பகலில் கோடு கிழித்தாற்போல் விளங்கும் தொடுவானம் இரவில் மறைந்துவிடுகிறது. ஊரூர்க் குப்பத்துப் படகுகளின் விளக்கு எது, விண்மீன் எது என்று பிரித்தறிவதே அரிது. கரையில் நிற்பவருக்கு இதனால் தீங்கில்லை. காலடியில் மணல் இருக்கிறது. வானில் இருப்பவருக்கு அவ்வுறுதி ஏது? விமானம் மெல்லச் சாயும்போது, நம் உட்செவி அதைச் சாய்வென்றே உணர்வதில்லை. ஆகவேதான் விமானி அறையில் 'செயற்கைத் தொடுவானம்' என்ற கருவி வைக்கப்பட்டிருக்கிறது. விமானம் எப்பக்கம், எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதை அது காட்டும்.

1978-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு. ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்னும் போயிங் 747 விமானம் பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டது. கடலுக்கு மேலே வலப்பக்கம் சிறிது திரும்பி, மீண்டும் நேர்நிலைக்கு வந்தது. ஆனால், தலைமை விமானியின் செயற்கைத் தொடுவானம் வலச்சாய்விலேயே நின்றுவிட்டது. அதை மெய்யென்று கொண்ட அவர் விமானத்தை இடப்பக்கம் சாய்த்தார், மேலும் சாய்த்தார். துணை விமானியும் தம் கருவி கவிழ்ந்துவிட்டதாகச் சொன்னார். உண்மையில் அவருடைய கருவி காட்டிய பெருஞ்சாய்வு சரியானதே. நடுவில் மூன்றாவது கருவி ஒன்றும் இருந்தது. ஓடுபாதையை விட்டு எழுந்த 101 விநாடிகளில் விமானம் பாந்திராக் கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. 213 பேர் மாண்டனர்.

அத்தலைமை விமானி சுமார் 18,000 மணி நேரம் பறந்தவர், கற்றுக்குட்டி அல்லர். பழுதான கருவியையும், அதன்பின் விமானி விமானத்தைச் செலுத்திய முறையையும் விசாரணை காரணமாகக் கண்டது. தயாரிப்பாளர்கள்மீது சாட்டிய கவனக்குறைவுக் குற்றத்தை அமெரிக்க நீதிமன்றம் 1985-இல் தள்ளிவிட்டது. இம்முடிவுகளோடு நான் வழக்காட வரவில்லை. எனினும், மூன்று கருவிகளில் எது பொய் சொல்கிறது என்பதை இருளில் சில நொடிகளுக்குள் தீர்ப்புச் செய்யும் பொறுப்பு மனிதன் தலையில் விழுந்ததே, அதை எளிதில் கடந்து போக என்னால் இயலவில்லை.

1967-இல் முதன்முதல் பறந்த போயிங் 737-இன் கதை வேறு வகை. அதில் ஓர் ஊதல் ஒலி இருவகைப் பொருள் தந்தது. தரையில் ஒலித்தால், விமானம் எழும்புவதற்குரிய அமைப்பில் இல்லை என்பது பொருள். வானில் ஒலித்தால், உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டது என்பது பொருள். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் ஹீலியோஸ் நிறுவனத்தின் 737 விமானத்தில், உயரே ஏறும்போது ஒலித்த ஊதலை விமானிகள் தரைக்குரியது என்று கொண்டனர். பிராணவாயு குறைந்து அறிவிழந்தனர். விமானம் கிரீஸ் நாட்டில் வீழ்ந்தது. 121 பேரும் இறந்தனர். அதன் பிறகே, இரு பொருளையும் பிரித்துக் காட்டத் தனித்தனி விளக்குகள் கட்டாயமாயின. 2018 செப்டம்பர் 20-இல் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் சென்ற ஜெட் ஏர்வேஸின் 737-இலும், அறைக்குக் காற்று தரும் விசை போடப்படாமல் பயணிகள் பலருக்கு மூக்கிலும் காதிலும் குருதி வழிந்தது. நல்வேளையாக அவ்விமானம் திரும்பி வந்து இறங்கியது.

1980-களில் வந்த 757, 767 விமானங்களில் கோளாறுகளை அவசர முறைப்படி வரிசைப்படுத்தி எழுத்தில் காட்டும் திரை அமைந்தது. 737 மட்டும் பழைய முறையிலேயே நின்றது. விமானி அறையை மாற்றினால் விமானிகளுக்குப் புதிதாகப் பயிற்சி அளிக்க வேண்டும், அது பெருஞ்செலவு. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் 737 மாக்ஸ் விமானங்கள் இரண்டு வீழ்ந்து 346 பேர் மாண்டனர். முதல் விமானத்தை ஓட்டியவர் டெல்லியைச் சேர்ந்த இந்தியர். ஒரே ஓர் உணர்கருவி பிழைபட்டதால், விசைத்தண்டு நடுங்கிற்று. வேகமும் உயரமும் பொருந்தவில்லை என்ற அறிவிப்புகளும் ஒருங்கே எழுந்தன. இந்தியா மார்ச் 13-இல் மாக்ஸ் விமானங்களைத் தடுத்தது. 2021 ஆகஸ்டில் மீண்டும் அனுமதித்தது.

இரண்டாண்டுகளுக்குப் பின் சான்று பெறும் விமானங்களில் புதிய எச்சரிக்கை முறை வேண்டும் என்று அமெரிக்கா 2020 டிசம்பரில் சட்டம் இயற்றியது. கெடு முடியும் தறுவாயில், 2022 டிசம்பரில், மாக்ஸின் புதிய வடிவங்களுக்குச் சில கூடுதல் பாதுகாப்பு நிபந்தனைகளோடு விலக்கு அளித்துவிட்டது. நம் நாட்டிலும் பறக்கும் அவ்வகை விமானங்களில் இன்றும் மஞ்சள் விளக்கு ஒன்று விமானியின் எதிரே எரிகிறது. எந்த உறுப்பு பழுது என்பதைப் பக்கத்து எழுத்துகள் ஓரளவே சொல்லும். மற்றதைத் தலைக்கு மேலுள்ள பலகையில் அவரே தேடிக்கொள்ள வேண்டும்.