கூண்டில்லாத நீதிமன்றம்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்வோர் பெரியநாயக்கன்பாளையத்தில் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைக் கண்டிருப்பர். சட்டம் பயின்ற தி. சு. அவிநாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய நிறுவனம் அது. பிள்ளை வளரும் இடமே பிள்ளையை ஆக்குகிறது என்னும் நம்பிக்கை அக்காலத்தில் பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, சட்டத்திலும் நுழைந்திருந்தது.

சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் 1899-இல் சிகாகோவில் பிறந்தது. இங்கிலாந்து 1908-இல் குழந்தைகள் சட்டம் இயற்றியது. இந்தியாவில் முதலில் அவ்வழி சென்றது நம் சென்னை மாகாணம்தான்: 1920-ஆம் ஆண்டுச் சட்டம். வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. சிறைக்கு மாற்றாகச் சான்றுபெற்ற பள்ளிகளை அச்சட்டம் முன்வைத்தது. திருடிய பிள்ளையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒரே சட்டத்தின்கீழ் கொண்டுவந்ததைப் பின்னாளில் பலர் குறை கூறினர். குறையில் நியாயம் உண்டு. ஆயினும் அவ்விருவரும் பல வேளைகளில் ஒரே பிள்ளைதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருவரையும் பிரித்தது. 2000-இல் வந்த சட்டம் நடுவருடன் இரு சமூகப் பணியாளர்களை அமர்த்தி இளைஞர் நீதிக் குழுமத்தை அமைத்தது. 2016 மாதிரி விதிகளின்படி அக்குழுமம் கூடும் அறை நீதிமன்றம்போல் தோன்றலாகாது. உயர்ந்த மேடையும் சாட்சிக் கூண்டும் கூடா. மரச்சாமான்களை அகற்றுவது எளிது. அச்சிறுவன் வீட்டில் அடிபட்டானா, எதைக் கண்டு அஞ்சினான் என்று கேட்பதற்கான இடம் சமூகப் புலனாய்வு அறிக்கை. கட்டிலேயே முக்கியமான தாள் அதுவே என்பது நம் கருத்து. அது படிவம் நிரப்பும் வேலையாகிவிட்டால் கூண்டை எடுத்தும் பயனில்லை.

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான குழந்தையின்பால் சட்டம் கூடுதல் பரிவு காட்டியிருக்கிறது. 2012 போக்சோ சட்டத்தில் விசாரணைக்கு இடையே ஓய்வு உண்டு, மீண்டும் மீண்டும் அழைக்கலாகாது, கடுமையாக வினவலாகாது, எதிரியை நேரில் காணச் செய்யலாகாது. உளக்காயத்தை அறிந்த சட்டம்.

1984-இன் குடும்ப நீதிமன்றச் சட்டத்திலும் ஆலோசகர் உண்டு, மூடிய அறை விசாரணை உண்டு. அவை பெரிதும் கணவன் மனைவிக்காக எண்ணப்பட்டவை. பெரியநாயக்கன்பாளையத்துப் பிள்ளையொன்று பள்ளிக்கு விடுப்பெடுத்து, கோவைக்குப் பேருந்தேறி, நீதிமன்றத் தாழ்வாரத்தில் தாய்க்கும் தந்தைக்கும் நடுவே நாள் முழுதும் காத்திருப்பதை அச்சட்டத்தின் எப்பிரிவும் பேசவில்லை.