அட்டையும் தைலமும்

எங்கள் ஃப்ரீமான்ட் வீடுகளில் நரம்பு சுருண்டு கால் வீங்கினால் பெரியவர்கள் தேடுவது சகசராதி தைலம். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமோ அதை வாத நோய்களுக்குத்தான் சொல்கிறது. சிரை சுருண்டு முடிச்சாவதைத் தனி நோயாகக் குறித்தவர் சுஸ்ருதர். வலுவில்லாத உடம்பு மீறி உழைப்பதே காரணம் என்றார்.

கெட்ட ரத்தம் எடுக்க முதியவர்களுக்கும் பயந்தவர்களுக்கும் அவர் சொன்ன மென்மையான வழி, அட்டை விடுதல். 12 வகை அட்டைகளில் 6 நஞ்சுள்ளவை. கடிவாய் அரித்தால் நல்ல ரத்தம் போகிறது, எடுத்துவிட வேண்டும். (என்ன நுணுக்கமான கண்!)

2004 ஜூனில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அட்டையை மருத்துவச் சாதனமாக அனுமதித்தது. ஒட்டறுவையில் ரத்தம் தேங்கும் இடத்துக்கு, நரம்புச் சுருட்டலுக்கு அல்ல. அதே டிசம்பரில் வெளிவந்த ஆய்வில், பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. அத்தனையும் உள்ளுக்குச் சாப்பிடுபவை.