துண்டும் முழமும்: சோழமண்டலத் துணியும் படுக்கைப் போர்வையின் அளவுக் கணக்கும்

சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற துணியைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் 'துண்டு' என்னும் அலகினாலேயே ஏற்றுமதியைக் கணக்கிட்டுள்ளனர். கே. என். சௌதுரி 1978 இல் வெளியிட்ட ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி பற்றிய பெருநூலின் அட்டவணைகளும் இவ்வாறே அமைந்தவை. கம்பனியின் கணக்கேடுகள் அவ்வலகிலே எழுதப்பட்டிருத்தலின் ஆய்வாளரைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆயினும் துண்டு என்பது ஓர் அளவன்று. தறியிலிருந்து அறுத்தெடுத்த ஒரு பொருளின் பெயரே அது. அதன் நீளம் யாது, அகலம் யாது, பாவில் எத்தனை இழை என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டாலன்றித் துணியின் அளவை நாம் அறிந்தவராகோம். இவ்வினாக்களை ஒரு படுக்கைப் போர்வையின் கணக்கினூடாக அணுக இக்கட்டுரையில் முற்படுகின்றோம்.

முதலில் அளவையை நோக்குவோம். கம்பனிக் குறிப்புகளில் வரும் 'கோவிட்' என்பது போர்த்துக்கேயரின் 'கோவடோ' என்னும் சொல்லிலிருந்து வந்தது. பொருளால் அது நம்முடைய முழமே. சென்னையில் அதனை 18 அங்குலமாகக் கொள்வது வழக்கம். இரண்டு முழம் ஒரு யார் என்னும் கணக்கு இதனால் எளிதாயிற்று. ஆனால் முழம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. 72 முழத் துணியொன்றிலே முழத்துக்கு அரை அங்குலம் குறையுமாயின் முழுத் துணியில் 36 அங்குலம், அதாவது ஒரு யார் குறைந்துவிடும். எவருடைய முழக்கோல் என்பது அக்காலத்தில் வீண் வினாவன்று.

'நீளத்துணி' எனப் பெயர்பெற்ற வகை பொதுவாக 72 முழ நீளமும் இரண்டேகால் முழ அகலமும் உடையது. அஃதாவது 36 யார் நீளம், நாற்பதரை அங்குல அகலம். இதன் பரப்பு நாற்பதரைச் சதுர யார் ஆகும். 'சலம்பூரி' என்னும் வகையோ ஏறத்தாழ 16 யார் நீளமே உடையது. அகலம் ஒன்றெனக் கொண்டால் அதன் பரப்பு 18 சதுர யார். ஆகவே ஆயிரம் துண்டு நீளத்துணியும் ஆயிரம் துண்டு சலம்பூரியும் ஏட்டில் ஒரே எண்ணாகத் தோன்றினும், பின்னது முன்னதிற் பாதிக்கும் குறைவாம். ஓராண்டில் ஏற்றுமதி பெருகியது, மற்றோராண்டில் வீழ்ந்தது என்று துண்டுகளை மட்டும் எண்ணிக் கூறும் முடிவுகளை இதனை மனத்திருத்தியே ஏற்றல் வேண்டும்.

இனி, ஆங்கிலேயர் 'குவில்ற்' என வழங்கும் பஞ்சிட்டுத் தைத்த போர்வையை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு துணி, அடியிலே ஒரு துணி, நடுவே பஞ்சு. மூன்றையும் பிணைத்து ஓடும் தையல். ஒரு பெருங்கட்டிலுக்கு 81 அங்குல அகலமும் 108 அங்குல நீளமும் கொண்ட போர்வை வேண்டுமென வைத்துக்கொண்டால், நாற்பதரை அங்குல அகலத்துணி இரண்டு பட்டிகளாகச் சேர்ந்து 81 அங்குலம் தரும். ஒரு பட்டியின் நீளம் 108 அங்குலம், அதாவது 6 முழம். ஆகவே மேற்றுணிக்கு 12 முழம், அடித்துணிக்கு 12 முழம். 72 முழ நீளத்துணியில் 12 பட்டிகள் மிச்சமின்றிக் கிடைக்கும். ஆறு மேற்றுணிகள், அல்லது மேலும் அடியுமாக மூன்று போர்வைகள். (தையல் மடிப்புக்கு விடும் ஓர் அங்குலத்தையும், தையல் ஓடியபின் துணி சுருங்குவதையும் இங்கே விலக்கியுள்ளோம். கத்தரி பிடிப்பவர் அவற்றை ஒருபோதும் விலக்கார்.)

துணி நீளத்தில் ஒரு முழம் குறைந்தால் நேர்வது என்ன? பதினொரு பட்டிகளும் ஐந்து முழ மிச்சமும் கிடைக்கும். மேற்றுணி ஐந்துதான், பட்டியொன்று துணையின்றி நிற்கும். ஆயின் அகலத்தில் நேரும் குறை இதனினும் கொடிது. இரண்டேகால் முழத்துக்குப் பதிலாக இரண்டு முழ அகலத்திலே துணி வந்ததெனக் கொள்வோம். பரப்பில் இது ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. ஆனால் இரண்டு பட்டிகள் சேர்ந்து 72 அங்குலமே தரும். ஒன்பது அங்குலம் போதாது. மூன்றாவது பட்டி வேண்டும். ஆறு மேற்றுணி தந்த துணி இப்போது நான்கே தரும். ஒன்பதில் ஒரு பங்கு குறைந்த துணி மூன்றில் ஒரு பங்கு பயனைக் கொண்டுபோய்விடுகின்றது! துணி வாங்கியோர் கால் முழ அகலத்துக்காக ஏன் ஓயாது வழக்காடினர் என்பதற்கு, அவர்தம் பேராசை ஒருபுறமிருக்க, இதுவும் ஒரு காரணமாகலாம் என்று கருதுகின்றோம்.

கைதேர்ந்த தையற்காரர் இதற்கும் ஒரு வழி காண்பார். மூன்றாவது பட்டியை முழுதாகச் சேர்க்காது, அதனை ஒன்பது அங்குலக் கீற்றுகள் நான்காகக் கிழித்தால், ஒரு பட்டி நான்கு போர்வைகளின் குறையை நிரப்பும். ஐந்து மேற்றுணிக்குப் பத்துப் பட்டிகளும், கீற்றுகளுக்காக இரண்டு பட்டிகளும் போதும். நான்காகச் சுருங்கியது மீண்டும் ஐந்தாயிற்று. மேலதிகச் செலவு ஒரு தையலோட்டமே. ஒட்டுத்தையல் என்னும் கலையின் தோற்றுவாய் அழகுணர்ச்சி என்று பலர் எழுதுவர். கணக்குணர்ச்சியும் அதன் தாய்களுள் ஒன்று என்பதே எமது எண்ணம்.

இவ்வழி வெண்துணிக்கும் சிறுபூப் பரவிய துணிக்கும் பொருந்தும். 'பலம்போர்' என ஐரோப்பியர் அழைத்த எழுதுதுணி விரிப்புக்குப் பொருந்தாது. கட்டில் மூடி எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் திரிபே இப்பெயர். நடுவே ஒரு மரம் கிளைபரப்பி நிற்க, சுற்றிலும் கரை ஓட, முழுவிரிப்பும் ஒரே சித்திரமாக அமைவது இதன் இயல்பு. சித்திரத்தின் நடுவே கீற்று நுழைக்க இயலாது. எனவே கட்டிலின் அளவு, எழுதுகோல் துணியிற் படுமுன்னரே தீர்மானிக்கப்படல் வேண்டும். பலம்போர்கள் பலவற்றில் இரண்டு அகலத் துணிகளை இணைத்த தையல் காணப்படுகின்றது. இலண்டனில் யாரோ ஒருவர் உறங்கும் கட்டிலின் அகலம் சோழமண்டலத்துச் சாயக்காரரின் முற்றத்திலே முன்கூட்டி அளக்கப்பட்டது என்பது வியப்புக்குரியது. அச்சித்திரங்களின் சிவப்புக்குரிய சாயவேர் சோழமண்டலத்தில் மட்டுமன்றி எமது மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களிலும் அகழப்பட்டது. ஒல்லாந்தர் அவ்வேர் அகழ்தலைத் தம் ஆதிக்கத்தில் வைத்திருந்தனர். அவ்வரலாறு தனிக் கட்டுரைக்குரியது.

ஐரோப்பியச் சட்டங்கள் இக்கணக்கைத் தலைகீழாக்கின. பிரான்சு 1686 முதல் 1759 வரை இத்தகைய துணிகளைத் தடைசெய்தது. இங்கிலாந்தில் 1700 இல் இயற்றப்பட்ட சட்டம், சாயமிட்டும் எழுதியும் அச்சிட்டும் வந்த இந்தியப் பருத்தித் துணியை உள்நாட்டுப் பாவனைக்கு இறக்குவதைத் தடுத்தது. 1721 இன் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் வீட்டில் விரிப்பதையுமே பெரும்பாலும் விலக்கியது. இத்தடை 1774 இலேயே நீங்கிற்று. புதிய துணி அரிதானவிடத்துப் பழந்துணியின் ஒவ்வோர் அங்குலமும் விலைபெறுவது இயல்பு. வட இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையிலுள்ள ஒட்டுத்தையற் போர்வை இந்தியச் சித்திரத் துணித் துண்டுகளால் ஆனது. மரபாக அதனை 1708 ஆம் ஆண்டளவினதென்பர். யாரிலும் முழத்திலும் எண்ணப்பட்ட துணி இங்கே அங்குலத்தில் எண்ணப்படுகின்றது. தறியின் அகலம் பொருளற்றுப்போகின்றது.

தறிக்கே மீள்வோம். குழித்தறியில் அமர்ந்து ஓடத்தைக் கையால் எறிந்து மறுகையால் ஏற்பவருக்குக் கையெட்டும் தூரமே துணியின் அகலம். யோன் கே 1733 இல் விசைநாடாவை ஆக்கும்வரை ஐரோப்பாவிலும் அகலத்துணிக்கு இருவர் வேண்டியிருந்தது. எனவே இரண்டேகால் முழம் என்பது வணிகர் விரும்பியபடி இட்ட எண் அன்று. உடல் இட்ட எல்லையை ஒட்டிய எண். நீளத்தையும் அகலத்தையும் முழக்கோல் ஒரு நொடியிற் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றிற் குறைத்தவர் பிடிபடுவர். குறைக்கக்கூடியது மூன்றாவது அளவு ஒன்றே: இழை.

பாவின் இழைகளைப் 'புஞ்சம்' என்னும் அலகால் எண்ணினர். ஒரு புஞ்சம் 120 இழை. நாற்பதரை அங்குல அகலத்தில் 18 புஞ்சத் துணிக்கு 2160 இழை, அதாவது அங்குலத்துக்கு 53 அளவில் அமையும். 36 புஞ்ச உயர்தரத் துணிக்கு 4320 இழை. அங்குலத்துக்கு 107 அளவாகும். இப்போது 18 புஞ்சத்துக்கு ஒப்பந்தம் செய்த நெசவாளர் 17 புஞ்சத்திற் பாவு ஓடினார் எனக் கொள்வோம். அங்குலத்துக்கு மூன்று இழையே குறையும். கஞ்சியிட்டுத் தட்டி மடித்தபின் அதனைக் கண்ணால் அறிதல் அரிது. கம்பனியின் தரம்பிரிப்போர் மாதிரித் துணியை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டதும், துணியை முதற்றரம், இரண்டாந்தரம் என இறக்கி விலை வெட்டியதும், சிலவற்றைத் தள்ளிவிட்டதும் இதன் பொருட்டே.

கம்பனி ஏடுகள் இதனை நெசவாளரின் ஏமாற்று என்றே எழுதும். இதனை அப்படியே ஏற்க நாம் ஆயத்தமாயில்லை. நெசவாளர் முன்பணம் பெறும்போது துணியின் விலை முடிவாகிவிடும். பின்னர் பஞ்சு விலையும் நெல் விலையும் ஏறினால் அவ்வேற்றத்தைத் தாங்கவேண்டியவர் அவரே. நீளத்தைக் குறைக்க இயலாது. அகலத்தைக் குறைக்க இயலாது. விலையைக் கூட்டவும் கம்பனி இசையாது. புஞ்சம் ஒன்று குறைப்பதே அவருக்கிருந்த விலையேற்றம். யாழ்ப்பாணத்தவரான பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் 1980 இல் வெளியிட்ட நெசவாளர் பற்றிய கட்டுரையும், பிரசன்னன் பார்த்தசாரதியின் 2001 ஆம் ஆண்டு நூலும், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பனி அரசியலதிகாரம் பெற்றபின் நெசவாளரின் நிலை இறுகியதை விரித்துரைக்கின்றன. வாங்குவோர் பலராயிருந்த காலத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் செல்லுதல் நெசவாளருக்கு இயன்றது. பின்னாளிற் கம்பனியின் சேவகர் தறியருகே நின்றனர். பிறருக்கு நெய்தல் குற்றமாயிற்று. பாவிலே விட்டுவைத்த அந்த 120 இழைகளும் அப்பொழுது எண்ணப்பட்டன.