சிப்பாய் ஈ: ஒரு பெயர் வந்த வழி

உடுமலை, குடிமங்கலம் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவரிடம் ‘படை’ என்று சொன்னால் அவருக்கு ராணுவம் நினைவுக்கு வராது, படைப்புழுதான் வரும். அமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் புழு 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தின் குருத்துக்குள்ளும் புகுந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2016-இல், பக்கத்துப் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னந்தோப்புகளைப் பிடித்துக்கொண்டது. ஓலைகளின் அடிப்பக்கம் வெள்ளை பூத்து, கீழ் ஓலைகள் கரும்பூசணம் படர்ந்து கறுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு ‘ஈ’ என்ற ஓரெழுத்தும் கெட்ட செய்திதான்.

இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துக் கட்டிய பெயரோடு இன்று ஒரு பூச்சியை நல்ல பூச்சி என்று அறிமுகப்படுத்துகிறார்கள்: கருப்புப் படைவீரர் ஈ. இதன் புழு சாப்பாட்டுக் கழிவைத் தின்று எருவாக்கும், புழுவே கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகும் என்று சொல்லும்போது, “ஏனுங்க, இது சோளக்காட்டுல வர்ற புழுவுங்களா?” என்று கேட்பவரை யாரும் குறை சொல்ல முடியாது. பெயர்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது. படைப்புழு ஓர் அந்துப்பூச்சியின் புழு. பச்சைப் பயிரைத் தின்பது. இது ஈயின் புழு, அழுகியதைத் தின்பது. இரண்டுக்கும் உறவே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பது மட்டும்தான் பொது.

கருப்பு வீரர் ஈ என்றும் கருப்பு சிப்பாய் ஈ என்றும் எழுதுகிறவர்கள் உண்டு. வளர்ப்பவர்கள் பேச்சில் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான பி.எஸ்.எஃப். அந்த மூன்றெழுத்தும் மற்றவர்களுக்கு எல்லைப் பாதுகாப்புப் படை; அங்கும் படை வந்து நிற்கிறது. இத்தனை பெயர்களில் எது தமிழில் நிலைக்கவேண்டும் என்று முடிவு செய்ய, முதலில் இந்த ஈ எப்போது, எதனால் போர்வீரன் ஆனது என்று பார்க்கவேண்டும்.

1758-இல் லின்னேயஸ் தம் நூலின் பத்தாம் பதிப்பில் உயிர்களுக்கு இருசொல் பெயர் சூட்டியபோது இது வீரனாக இல்லை. வீட்டு ஈயைப் போட்ட அதே ‘மஸ்கா’ என்ற பேரினத்தில், மஸ்கா இல்லூசென்ஸ் என்று இதையும் போட்டார். மஸ்கா என்றால் லத்தீனில் ஈ. இல்லூசென்ஸ் என்றால் ஒளிர்வது. பின்வயிற்றின் தொடக்கத்தில் இதற்குக் கண்ணாடி போன்ற இரண்டு புள்ளிகள் உண்டு. அவற்றின் வழியே வெளிச்சம் ஊடுருவித் தெரியும். ஐரோப்பாவின் குளத்தோர ஈ ஒன்றும் அதே பதிப்பில் மஸ்கா கமீலியன் என்ற பெயரில் இடம்பெற்றது. நீரில் வாழும் அதன் புழுவை ஹாலந்துக்காரர் சுவாமர்டாம் 17-ஆம் நூற்றாண்டிலேயே அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகளை வரைந்து வைத்திருந்தார்.

அந்தக் குளத்தோர ஈதான் முதல் வீரன். பாரிஸ் மருத்துவர் ஜொஃப்ருவா, நகரைச் சுற்றியுள்ள பூச்சிகளைப் பற்றி 1762-இல் எழுதிய நூலில் இதையும் இதன் இனத்தாரையும் தனியே பிரித்து ‘ஸ்டிராட்டியோமிஸ்’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ஸ்டிராட்டியோட்டஸ் என்றால் போர்வீரன், மியா என்றால் ஈ. பிரெஞ்சில் அவர் வைத்த பெயர் இன்னும் தெளிவு: ஆயுதம் தரித்த ஈ. இதன் முதுகின் கடைசியில் சிறு தகடு ஒன்று உண்டு. அதன் விளிம்பிலிருந்து இரண்டு முட்கள் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் ஆயுதம். அவற்றால் அது யாரையும் குத்துவதில்லை. கறுப்பிலும் மஞ்சளிலும் பட்டை பட்டையாக இருக்கும் உடல் பழைய ராணுவ உடுப்பை நினைவூட்டியதால்தான் பெயர் என்று சொல்வோரும் உண்டு. ஜொஃப்ருவாவே ஆயுதம் என்று சொல்லிவிட்டதால் எனக்கு முட்களின் பக்கமே நியாயம் தெரிகிறது.

ஒரு பேரினத்தின் முட்களுக்காக வைத்த பெயரை 1802-இல் ஒரு குடும்பத்துக்கே விரித்தவர் லத்ரேய். பாதிரியாராக இருந்து, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சிறையில் கிடந்தவர். சிறைத் தரையில் கண்ட ஒரு வண்டை மிக அரியது என்று அடையாளம் சொன்னதுதான் அவர் உயிரைக் காப்பாற்றியது. பிழைத்து வந்து பூச்சிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தார். லின்னேயஸின் ஒளிரும் ஈயை ஹெர்மீஷியா என்ற புதுப் பேரினத்தில் எடுத்து வைத்தவரும் அவரே. இப்படித்தான் அது ஹெர்மீஷியா இல்லூசென்ஸ் ஆனது. வீரர் குடும்பத்தில் சேர்ந்தது. ஆனால் ஹெர்மீஷியாவின் முதுகுத் தகட்டில் முள்ளே கிடையாது. குடும்பத்திலேயே இன்று உலகம் அதிகம் அறிந்த ஈக்கு, குடும்பப் பெயருக்குக் காரணமான ஆயுதம் இல்லை.

வீரன் என்பதற்கு ஒவ்வொரு மொழியும் வேறு வழியில் வந்திருக்கிறது. ஆங்கிலத்து ‘சோல்ஜர்’ ரோமானியரின் சாலிடஸ் என்ற பொற்காசிலிருந்து பிறந்த சொல். சம்பளம் வாங்கிச் சண்டை போடுகிறவன் என்று பொருள். கிரேக்கச் சொல்லுக்கு அடி ‘ஸ்டிராட்டோஸ்’, அதாவது படை. நம் சிப்பாயும் அதே அமைப்பு: பாரசீகத்தில் ‘சிபாஹ்’ என்றால் படை, ‘சிபாஹி’ என்றால் படையைச் சேர்ந்தவன். இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்து சிப்பாய் ஆயிற்று. அதே சொல் போர்ச்சுக்கீசியர் வாயில் நுழைந்து ஆங்கிலத்தில் ‘செப்பாய்’ ஆகி, கும்பெனியின் இந்திய வீரனைக் குறித்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தவர்கள் இந்தச் சிப்பாய்களே. புதுத் தலைப்பாகையும், நெற்றிக் குறியை அழி, தாடியை மழி என்ற உத்தரவும் அதற்கு உடனடிக் காரணங்கள். தமிழில் சிப்பாய் என்றதும் உடுப்போடு நிற்கும் ஓர் ஆள் கண்ணில் தெரிகிறான். படை என்றதும் கூட்டமாக வந்து அழிப்பது தெரிகிறது. ஒரு பூச்சிக்குப் பெயர் வைக்கும்போது இந்த வேறுபாடு பெரிது.

கடல் கடந்த வாயில் புகுந்து திரும்பிய சொற்கள் திருப்பூருக்குப் புதிதல்ல. இந்த ஊர் எதைப் பின்னி வாழ்கிறதோ அந்தப் ‘பனியன்’ என்ற சொல்லே குஜராத்தி வணிகரைக் குறித்த ‘வாணியோ’ போர்ச்சுக்கீசிய, ஆங்கில வாய்களில் ‘பனியன்’ ஆனதிலிருந்து வந்தது. அந்தப் பெயர் வெள்ளைக்காரர் வீட்டில் அணிந்த தளர்ந்த அங்கிக்கு ஒட்டி, பின்பு உள்ளாடைக்கு இறங்கியது. வணிகர் சட்டையானார், வீரன் ஈயானான்.

‘ஈ’ மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. நம்முடையதுதான், அதனால்தான் அது அகலமானது. தேனீக்கு நான்கு சிறகு. அதுவும் நமக்கு ஈ. வெள்ளை ஈ சாறு உறிஞ்சும் பூச்சி, அசுவினிக்கு உறவு, அதுவும் ஈ. சோளத்தின் குருத்து ஈ மட்டும் பூச்சியியலார் கணக்கிலும் உண்மையான ஈ. அவர்கள் கணக்கில் ஈ என்றால் ஒரே ஒரு ஜோடிச் சிறகு. பின்ஜோடி சுருங்கிச் சமநிலை காக்கும் இரண்டு குமிழ்களாகியிருக்கும். தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலனறிவைக் கொண்டு அடுக்கியபோது எறும்பையும் கறையானையும் மூவறிவில் வைத்தது, நண்டையும் தும்பியையும் நான்கறிவில் வைத்தது. சிறகை எண்ணிப் பிரிப்பது அதன் நோக்கமல்ல.

சிப்பாய் ஈக் குடும்பத்தைப் பிரித்துக் காட்டுவதும் சிறகுதான். நரம்புகள் எல்லாம் முன்விளிம்பை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நடுவே சின்னதாக ஓர் அறுகோண அறை இருக்கும். பின்பகுதி நரம்புகள் மெலிந்து விளிம்பைத் தொடாமலே மறைந்துவிடுவதும் உண்டு. பூதக்கண்ணாடியில் இந்த அறுகோணத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், கறுப்பு, பச்சை, பொன், உலோக நீலம் என்று எந்த நிறத்தில் வந்தாலும் குடும்பம் தெரிந்துவிடும். நார்மன் உட்லி 2001-இல் வெளியிட்ட உலகப் பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட இனங்கள், 370-க்கும் மேற்பட்ட பேரினங்கள், 12 துணைக்குடும்பங்கள். இந்திய இனங்களை முதலில் ஒரே நூலில் திரட்டிக் கொடுத்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த என்ரிகோ புருனெட்டி. தொழிலால் இசைக்கலைஞர், பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் 1920-இல் வந்த அவர் தொகுதியில் இந்தக் குடும்பம் இருக்கிறது. நூறாண்டு தாண்டியும் அந்தப் பெயர்களில் எதற்கும் வழக்கில் தமிழ் இல்லை.

இனி இந்த ஈயைக் கிட்டத்தில் பார்ப்போம். முக்கால் அங்குல நீளம், உடல் முழுக்கக் கறுப்பு, புகை படிந்தது போன்ற சிறகு, கால் நுனிகள் வெளுப்பு, தலையைவிட நீண்ட உணர்கொம்பு. இடுப்பில் அந்த இரண்டு கண்ணாடிப் புள்ளிகள் இருப்பதால் தூரத்தில் பார்ப்பவருக்கு ஒடுங்கிய இடை தெரியும். குளவி என்று நினைத்துச் செருப்பை எடுப்பார்கள். இதற்குக் கொடுக்கும் இல்லை, கடிக்கும் வாயும் இல்லை. வளர்ந்த ஈ வாழ்வதே ஓரிரு வாரம். புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பே அந்த நாட்களுக்குப் பெரும்பாலும் போதும் என்பதால் இலையில் வைத்த சோற்றில் வந்து உட்காராது. பெட்டை அழுகலுக்குள் முட்டையிடாது. அதன் பக்கத்தில் உலர்ந்த இடுக்கு ஏதாவது பார்த்து, நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே கொத்தாக வைத்துவிட்டுச் சாகும். ஏற்றுமதிக்குப் பனியன் அடுக்கும் அட்டைப்பெட்டியின் ஓரத்தைப் பார்த்தால் வரிசையாகச் சிறு துளைகள் தெரியும் அல்லவா, அந்தத் துளைகள் இதற்கு மிகவும் பிடித்தவை. ஈ வளர்ப்பவர்கள் அட்டைத் துண்டுகளைத்தான் கழிவுத் தொட்டிக்கு மேல் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

நாலைந்து நாளில் பொரிந்து கீழே விழும் புழு, நல்ல வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் தின்றுகொண்டே இருக்கும். வீட்டு ஈயின் புழுவிலிருந்து இதைப் பிரிப்பது எளிது. அது வெளுத்து, வழவழப்பாக, தலை எது என்று தெரியாமல் முனை கூம்பியிருக்கும். இது தட்டையாக, கட்டம் கட்டமாக, தோல் சொரசொரப்பாக, சிறிய கெட்டித் தலையோடு இருக்கும்; தின்று முடிந்ததும் கரும்பழுப்பாகி, தானே கழிவை விட்டு ஏறி உலர்ந்த இடம் தேடிப் போகும். அந்தத் தோலில் சுண்ணாம்புச் சத்து, கால்சியம் கார்பனேட்டாகவே, படிந்திருக்கிறது. குடும்பம் முழுமைக்கும் உரிய குணம் இது. கூட்டுப்புழு ஆகும்போதும் அந்தத் தோலைக் கழற்றுவதில்லை. அதற்குள்ளேயே ஒடுங்கி உருமாறும். வீட்டு ஈயும் புழுத்தோலுக்குள்தான் உருமாறும், ஆனால் அந்தத் தோல் பீப்பாய் போல் சுருங்கிவிடும். இதில் புழு வடிவம் அப்படியே நிற்கும். ஜொஃப்ருவா தேடிய ஆயுதம் ஹெர்மீஷியாவிடம் இல்லாமல் போகலாம். கவசம் இருக்கிறது, புழுவின் மேல். முட்டைக்கோழிக்குத் தீவனமாகும்போது ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பும் சேர்ந்து கிடைப்பது இதனால்தான்.

திருப்பூருக்கு இந்தப் பூச்சி ஏன் வேண்டும் என்பதற்கு இங்குள்ள விடுதிகளையும் மெஸ்களையும் பார்த்தால் போதும். பனியன் கம்பெனிகளை நம்பி வந்து தங்கியிருக்கும் இவ்வளவு பேருக்கு மூன்று வேளை சமைக்கும் ஊரில் மிஞ்சுவது அதிகம். அது பிளாஸ்டிக்கோடும் துணியோடும் கலந்து, கைவிட்ட பாறைக்குழிகளில் கொட்டப்பட்டு, சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் சாலையில் உட்காரும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் துணியை இந்தப் புழு தின்னாது. பருத்தி நாரைச் செரிக்கும் திறன் அதற்குக் குறைவு. சோறு, குழம்பு, காய்கறித் தோல், மீன்கழிவு என்றால் தின்று தீர்க்கும். பல்லடம் வட்டாரக் கோழிப்பண்ணைகளின் எருவிலும் வளரும். இது நெருங்கி வளரும் எருவில் வீட்டு ஈ முட்டையிடத் தயங்குவது அரை நூற்றாண்டுக்கு முன்பே கவனிக்கப்பட்ட சங்கதி. ஆனால் பிரிக்காத குப்பையில் எந்தப் புழுவும் வேலை செய்யாது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, மாடியில் மண்சட்டியில் உரம் போடுகிறவர்கள் தானாக வந்து சேர்ந்த இந்தப் புழுவைக் கண்டதும் கொதிநீரையும் பினாயிலையும் ஊற்றிவிடுவது. பெயர் தெரியாததெல்லாம் நமக்கு வெறும் புழு.

ஆகவே படைவீரர் ஈ வேண்டாம். சிப்பாய் ஈ என்பதே சரி. படைப்புழுவோடு குழம்பாது, வாய்க்கு எளிது, கிரேக்கப் பெயரின் அமைப்புக்கும் பொருந்தும். ஆனால் அது குடும்பத்தின் பெயராக இருக்கட்டும். கழிவு தின்பதற்குக் கருப்புச் சிப்பாய் ஈ என்று முழுப்பெயர் சொல்லவேண்டும். ஏனென்றால் எல்லாச் சிப்பாயும் நமக்குத் துணையல்ல. ஆஸ்திரேலியாவில் இனோபஸ் என்ற பேரினத்தின் புழு மண்ணுக்குள் கரும்பு வேரைச் சாறு உறிஞ்சிக் கட்டையைத் துளிர்க்கவிடாமல் செய்கிறது. அமராவதிப் பாசனத்தில் கரும்பு வைக்கும் மடத்துக்குளம் விவசாயி நாளை அந்தச் செய்தியைப் படித்தால், அது வேறு சிப்பாய் என்று சொல்ல நம்மிடம் சொல் இருக்கவேண்டும்: வேர்ச் சிப்பாய் ஈ. ஜொஃப்ருவாவின் முள்முதுகுக்காரர்களும் அவர்கள் உறவான ஓடண்டோமையாவும், குளத்திலும் நெல்வயலிலும் வால்நுனி மயிர்க்கற்றையை நீர்ப்பரப்பில் விரித்து மூச்சுவிடும் புழுக்கள், நீர்ச் சிப்பாய் ஈக்கள். அழுகிய பலாவிலும் வாழையிலும் வளரும் மெலிந்த தேன்நிற டெக்டிக்கஸ், பழச் சிப்பாய் ஈ. பட்டுப்போன மரத்தின் பட்டைக்கடியில் வாழும் பேக்கிகாஸ்டர் வகை, பெரும்பாலும் அரை சென்டிமீட்டர்கூட இராத கறுப்புக் குள்ளர்கள், பட்டைச் சிப்பாய் ஈக்கள்.