இதய உறை நீக்க அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள்

இதயத்தைச் சூழ்ந்துள்ள உறை அழற்சியால் தழும்பேறித் தடித்து, சிலருக்குச் சுண்ணாம்பு படிந்து, இதயத்தை விரியவிடாமல் நெருக்கும் நோய் இறுக்க இதய உறையழற்சி. கழுத்துச் சிரைகள் புடைப்பது, வயிற்றில் நீர் கோப்பது, கால் வீங்குவது இதன் அறிகுறிகள். இந்தியாவில் காசநோயே இதற்கு முதன்மைக் காரணம். மேலை நாடுகளில் முன்பு செய்த இதய அறுவையும் மார்புக்குக் கொடுத்த கதிர்வீச்சும் முக்கியக் காரணங்கள்.

நாள்பட்ட இறுக்கத்துக்கு உறையை அகற்றுவதே தீர்வு. ஜெர்மனியின் லுட்விக் ரேன், ஃபெர்டினாண்ட் சாவர்பிரூக் ஆகியோர் 1913இல் இவ்வறுவையைச் செய்த முன்னோடிகள். ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி, அறுவையையொட்டிய இறப்பு 6 முதல் 12 விழுக்காடு என்கிறது.

குறை இதய வெளியேற்றம்

உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது இதுவே. நெடுநாள் நெருக்குண்ட இதயத்தசை மெலிந்திருக்கும். உறை நீங்கியதும் இரத்தம் தடையின்றிப் பாய, கீழறைகள், குறிப்பாக வலக் கீழறை, சட்டென விரிந்து அதை வெளித்தள்ளும் வலுவின்றித் தளர்கின்றன. இரத்த அழுத்தம் சரிந்து சிறுநீரகமும் பழுதுபடலாம். இதயத்துடிப்புக்கு வலுவூட்டும் மருந்துகளும், அளந்து கொடுக்கப்படும் திரவங்களும் முதல் துணை. அவை போதாதபோது இதயத்துக்குத் துணைசெய்யும் கருவிகள் தேவைப்படும்.

அறுவையின்போது நேரும் காயங்கள்

இதயத்தசையோடு ஒட்டிப்போன உறையை உரிக்கையில் கீழறைச் சுவர் கிழியலாம், இதயத் தமனிகள் காயப்படலாம், இரத்தப்போக்கு மிகலாம். சுண்ணாம்பு தசைக்குள் ஊடுருவிய இடங்களில் சிறு திட்டுகளை அப்படியே விட்டுவிடுவது பாதுகாப்பானது. உறையின் இருபுறமும் செல்லும் உதரவிதான நரம்பு காயமுற்றால் உதரவிதானம் செயலிழந்து, செயற்கைச் சுவாசத்திலிருந்து நோயாளியை விடுவிப்பது தாமதமாகும்.

பின்னர் தோன்றுபவை

மேலறை நடுக்கம், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல், காயத்தில் தொற்று ஆகியவை ஏற்படலாம். மூவிதழ் வால்வின் கசிவு கூடலாம். உறை முழுமையாக நீங்காவிடில் இறுக்கம் தொடரும் அல்லது திரும்பும்.

விளைவு

சிலருக்கு வீக்கம் விரைவில் வடிகிறது; சிலருக்கு இதயம் சீராக மாதங்கள் ஆகின்றன. கதிர்வீச்சால் வந்த இறுக்கத்தில் தசையும் கெட்டிருப்பதால் நன்மை குறைவு. காசநோயாளிகள் அறுவைக்குப் பிறகும் மருந்தை முழுக்காலமும் உட்கொள்ள வேண்டும். வயிற்று நீரைக் கல்லீரல் நோயென்று மட்டும் கருதிக் காலம் கடத்தாமல் கழுத்துச் சிரையையும் பார்த்து, இதயத்தசை மெலியும் முன்பே நோயைக் கண்டறிவது இச்சிக்கல்கள் பலவற்றைக் குறைக்கும்.